பற்று நோட்டு இல்லாத கடை

மாதத்தின் முதல் வாரத்தில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஏதேனும் ஒரு தெருமுனை மளிகைக் கடையருகே சற்று நேரம் நின்றால் போதும். சம்பளம் வாங்கிய கையோடு வருபவர் ஒரு சிறிய நோட்டை நீட்டுவார். கடைக்காரர் கூட்டித் தொகை சொல்வார். பணம் கைமாறும். அன்று மாலையே அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் புதிய பற்று தொடங்கிவிடும். அந்த நோட்டில் பொருளின் பெயர் இருக்கும், தொகை இருக்கும். ரொக்கமாக வாங்கியிருந்தால் அதே பொருள் என்ன விலைக்குக் கிடைத்திருக்கும் என்பது மட்டும் இருக்காது. நாமும் கேட்பதில்லை, கடன் சொல்லி வாங்குபவனுக்கு விலை கேட்க வாய் வருவதில்லை.

வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி நம் குடும்பங்களில் நிறையப் பேசுகிறோம். எந்தக் கடையில் எண்ணெய் மலிவு, எங்கே இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று தகவல் பரிமாறிக்கொள்கிறோம். அது தவறன்று. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சாமானியக் குடும்பங்களின் சமையலறைச் செலவு நிலையாகக் குறைந்த இடங்களிலெல்லாம் மலிவான கடையைத் தேடிக் கண்டுபிடித்ததால் அது நிகழவில்லை. வாங்குபவர்கள் ஒன்றுசேர்ந்து ரொக்கத்திற்கு வாங்கி, நிறையைத் தாங்களே சரிபார்த்ததால்தான் நிகழ்ந்தது. நம் சென்னையிலேயே அதற்கு நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் மதீனாவின் சந்தையை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையை அமைத்துக்கொடுத்ததை சீரா நூல்கள் பதிவு செய்கின்றன. அந்தச் சந்தையைப் பற்றிய நபிமொழிகளைத் தொகுத்து வாசிக்கும்போது ஒன்று புலப்படும். விலைவாசி உயர்ந்தபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டினார்கள். அண்ணலார் அதற்கு இணங்கவில்லை. ஆனால் விலையைச் செயற்கையாக ஏற்றும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே சென்று மறித்து, சந்தை விலை தெரியாத அவர்களிடம் மலிவாக வாங்கிக்கொள்வதைத் தடுத்தார்கள். கிராமத்தவரின் சரக்கை நகரத்துத் தரகர் வாங்கி வைத்துக்கொண்டு விற்றுத் தருவதைத் தடுத்தார்கள். உணவுப் பொருளைப் பதுக்குவதைப் பாவம் என்றார்கள். ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. நிறுத்துக் கொடுப்பவரிடம், தட்டு வாங்குபவர் பக்கம் சற்றுத் தாழும்படி நிறுக்கச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து இறங்கிய அத்தியாயமே குர்ஆனில் தனியாக இருக்கிறது: 83-ஆவது அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீன்.

இந்த மரபு பிற்காலத்தில் ஹிஸ்பா என்ற ஆட்சித் துறையாக வளர்ந்தது. முஹ்தஸிப் என்னும் அதிகாரி சந்தையில் சுற்றிவந்து படிக்கல்லையும் அளவைகளையும் சோதிப்பார். 12-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்பவர் முஹ்தஸிபுகளுக்காகவே எழுதிய கையேட்டில், மாவு விற்பவர் முதல் சமையற்காரர் வரை ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் கலப்படங்களை விவரித்திருக்கிறார். ஏழையின் பணம் சமையலறையில் வீணாவதைவிட அதிகமாகத் தராசுத் தட்டில்தான் திருடுபோகிறது என்பதை அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

அதையே வேறொரு நாட்டில் வேறொரு மக்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டோட் லேன் என்ற தெருவில் ஒரு சிறிய கடை திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர்கள் 28 பேர். நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமான அவர்களின் முதல் வெறும் 28 பவுன். ஆளுக்கு ஒரு பவுன், அதையும் வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்தார்கள். முதல் நாள் கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். அக்காலத்துத் தொழிலாளர் பலருக்கு ஆலை முதலாளியின் கடையிலோ கடன் கொடுக்கும் கடையிலோ வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மாவில் சுண்ணாம்புக் கட்டித் தூளும் தேயிலையில் பயன்படுத்தி உலர்த்திய இலையும் கலந்து வந்த காலம் அது. கடன்பட்டவன் தரம் பற்றிக் கேள்வி கேட்க முடியாது.

ராச்டேல்காரர்கள் கலப்படமற்ற பொருளையும் முழு நிறையையும் விதியாக வைத்தார்கள். கடன் கிடையாது. கடை விலை ஊர் விலைதான், அதைவிடக் குறைவன்று. இந்த இடத்தைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். விலையைக் குறைத்து விற்றிருந்தால் பக்கத்துக் கடைகளோடு போட்டியிட்டுச் சில மாதங்களில் அழிந்திருப்பார்கள். ஊர் விலைக்கே விற்று, செலவு போக மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவு பொருள் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதிகமாகப் பணம் போட்டவருக்கு அதிகப் பங்கு என்றில்லாமல், அதிகமாக வாங்கியவருக்கு அதிகம் திரும்பியது. ஆகவே குடும்பத்தலைவி மாவு வாங்கும்போதே அவளறியாமல் சேமிப்பும் நடந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களுக்கும் அந்த வாக்கு உண்டு. இங்கிலாந்தின் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு கிடைக்க அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

இனி நம் பட்டணத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் வட்டிக்கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். அதற்கு மாற்று தேடுமாறு மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. ஐரோப்பாவின் கூட்டுறவு அமைப்புகளை ஆராய்ந்து 1890-களில் அவர் அளித்த அறிக்கை, பின்னர் இந்தியா முழுமைக்குமான சட்டத்துக்கு வித்திட்டது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரே சொல்வதுபோல் அது கடன் சங்கங்களுக்கானது. கடை நடத்துவது அதன் நோக்கமன்று. ஆனால் அதே 1904-இல் திருவல்லிக்கேணியில் கூடிய சிலர் ராச்டேல் வழியில் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்ற அதை டி.யு.சி.எஸ். என்றால்தான் பலருக்கும் தெரியும். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை என்று அது போற்றப்படுகிறது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராயிருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பிற்காலத்தில் உலக அரங்குகளில் பேசிப் புகழ்பெற்ற அந்த மனிதர், அரிசியும் பருப்பும் விற்கும் கடைக்காக உழைத்ததைத் தாழ்வாகக் கருதவில்லை. ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இது தனி மகிழ்ச்சி.

1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலும் பார்த்தசாரதி கோயிலும் இருக்கும் அந்தப் பகுதியில், அன்று மாதச் சம்பளக்காரர்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், அச்சகப் பணியாளர்கள்: எல்லாரும் கௌரவமானவர்கள், எல்லாரும் கடைக்கடனில் இருந்தவர்கள். அன்றைய அளவைகளையும் நினைவில் கொள்ள வேண்டும். அரிசிக்குப் படியும் ஆழாக்கும், புளிக்கும் வெல்லத்துக்கும் பலமும் வீசையும். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஆனால் ஒரு ஊர்ப் படி மற்றோர் ஊர்ப் படிக்குச் சமமன்று. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி என்று இரண்டு வைத்திருந்த கடைகளைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சூழலில், கடையின் சொந்தக்காரர்களே வாடிக்கையாளர்கள் என்றால் யாரை ஏமாற்ற அளவைக் குறைப்பது? சங்கக் கடையின் முதல் சேமிப்பு இதுதான். 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வரத் தொடங்கிச் சில ஆண்டுகளில் கட்டாயமான பிறகே கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் ஒன்றாயின.

1912-இல் சட்டம் விரிவாக்கப்பட்டுக் கடன் அல்லாத சங்கங்களுக்கும் இடம் கிடைத்தது. அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1918 செப்டம்பரில் தானிய விலை தாங்க முடியாமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பல ஊர்களிலும் அவ்வாறே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வருவது நின்றுபோனது. 1943-இல் சென்னையில் பங்கீடு வந்தது. பங்கீட்டுக் கடைகளை நடத்த நம்பகமானவர்கள் யார் என்று அரசு தேடியபோது, ஏற்கெனவே கிளைகளும் கணக்குகளும் வைத்திருந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் கைகொடுத்தன. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் மீண்டும் பஞ்சங்களும் பற்றாக்குறைகளும் வந்தன. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைக்கப்பட்டது. இன்று தமிழகத்தின் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. நாம் ரேஷன் கடை என்று சாதாரணமாகச் சொல்வது, திருவல்லிக்கேணியில் முளைத்த அந்தச் செடியின் உறவுதான்.

ரேஷன் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்களில் சற்று வசதி வந்தவுடன் அட்டையை அடையாளச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. தேவையில்லாதவர் விட்டுக்கொடுப்பது நற்செயல். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடன் நோட்டில் பருப்பு வாங்கிக்கொண்டே, வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்று ரேஷன் பருப்பை விடுபவர்களும் இருக்கிறார்கள். வெளியில் நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் துவரம் பருப்பு அங்கே கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். ரமலான் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு தரும் அரிசியை நாம் மகிழ்ந்து பருகுகிறோம். அதே கிடங்கிலிருந்து வரும் அரிசி வீட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் கூச்சம்?

நமது மேற்குப் புறநகர்களின் கதையும் இதே காலத்தில்தான் உருவானது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1962 சீனப் போருக்குப் பின் விலைவாசி ஏறவே, நகரங்களில் நுகர்வோர் பண்டகசாலைகளை வளர்க்க மத்திய அரசு திட்டம் வகுத்தது. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதை அடுத்து டெல்லியில் சூப்பர் பஜார் தொடங்கியது.

பிறகு ஏன் இவை மங்கின? தனியார் அங்காடிகளின் போட்டி ஒரு காரணம். எங்கள் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் வேறு. அரசின் பணமும் அரசின் அதிகாரிகளும் வந்த இடத்தில் உறுப்பினர்கள் மெல்ல வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். ராச்டேல் தொழிலாளி தன் கடையின் கணக்கைத் தானே பார்த்தான். நம்மில் எத்தனை பேர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பேரவையில் கலந்துகொண்டிருக்கிறோம்? சங்கம் யாருடையது என்று கேட்டால் அரசுடையது என்றே பதில் வரும். டி.யு.சி.எஸ். இன்றும் இயங்குகிறது, காமதேனு என்ற பெயரில் அங்காடிகளும் உண்டு. ஆனால் அதன் தொடக்கக் காலத்தில் இருந்த, என் கடை என்ற உணர்வைப் பெயர்ப்பலகையால் மட்டும் கொண்டுவர இயலாது.

காய்கறி விஷயத்தில் நமக்கு நிலைமை மேல். 1996-இல் கொத்தவால் சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியதும் மொத்தச் சந்தை நம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் அம்பத்தூருக்கும் ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டுக்கும் வந்தது. விவசாயி தன் விளைச்சலை நேரே கொண்டுவந்து, மொத்த விலையைவிடச் சற்று அதிகமாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் விற்கிறார். வழியில் மறித்து வாங்காதீர்கள், ஊர்க்காரருக்காகத் தரகு செய்யாதீர்கள் என்ற நபிமொழிகளின் கருத்துக்கு இதைவிட நெருக்கமான காட்சியை நம் பகுதியில் காண்பது அரிது. காலையில் சீக்கிரம் போகவேண்டும் என்பதுதான் சிரமம். ஃபஜ்ர் தொழுதவர்களுக்கு அது சிரமமாக இருக்கலாகாது.

இனி மார்க்கச் சட்டத்தின் பக்கம். கடனுக்கு வாங்குவதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, குடும்பத்துக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக அவர்களின் கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதலாக ஒரு விலை என்று வைப்பதையும், எந்த விலை என்பது பேரத்தின்போதே முடிவாகிவிட்டால், பெரும்பான்மை ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். பிரச்சினை, விலையே சொல்லப்படாத பற்று நோட்டில்தான். தாமதமானால் தொகை கூடும் என்ற நிபந்தனை சேர்ந்துவிட்டால் அது வட்டி. தவணை அட்டைகளும் கைபேசிச் செயலிகளும் தரும் ‘பிறகு செலுத்தலாம்’ வசதியில் இந்த நிபந்தனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டுறவிலும் ஒரு பிரிவினை தேவை. வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தைத் திருப்பித் தருவது, விலையில் கழிவு தருவது போன்றது; அல்லது கூட்டாளிகள் தம் லாபத்தைத் தாமே ஒப்புக்கொண்டபடி பகிர்வது போன்றது. ஆனால் ராச்டேல்காரர்கள் பங்கு முதலுக்கு நிலையான வட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பகுதி நமக்கு ஆகாது. மஹல்லா அளவில் யாரேனும் ஒரு பண்டகசாலை தொடங்க முன்வந்தால், முதலுக்கு உறுதியான வருமானம் என்ற விதியை எழுதாமல், லாப நட்டத்தில் பங்கு என்று எழுதிக்கொள்ளலாம். எழுதும் முன் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் காட்டிவிடுவது நல்லது.

கடை தொடங்குவது பெரிய வேலை. அதற்கு முன், பத்து வீடுகள் சேர்ந்து ரமலானுக்கு முன்னால் மொத்தமாக வாங்கிப் பார்க்கலாம். 2022 ஜூலை முதல், பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. சந்தையில் 26 கிலோ மூட்டைகள் தோன்றிய மர்மம் அதுதான். அப்படி வாங்கும்போது ஒரு விதி நினைவிருக்கட்டும்: உணவுப் பொருளைக் கைப்பற்றி அளந்து பெறும் முன் பிறருக்கு விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே பொறுப்பேற்றவர், மூட்டை வந்து சேர்வதற்கு முன் தன் பங்கை அடுத்த வீட்டுக்கு விலை வைத்துத் தள்ளிவிடக் கூடாது. பத்து வீட்டார் சார்பிலும் வாங்குகிறோம் என்று முதலிலேயே பேசிக்கொண்டு, ஏற்றுகூலியையும் பத்தாகப் பிரித்து, மூட்டை வந்தபின் எல்லார் முன்னிலையிலும் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கும்போது சிந்தும் அரிசியும் எடைக் குறைவும் ஒருவர் தலையில் விழாமல் பத்துப் பங்குக்கும் சமமாகப் போகட்டும். தராசை இரவல் வாங்குவதானால் அதன் முத்திரை நடப்பு ஆண்டுக்குரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.